ஞாயிறு: இன்னும் அறிவிக்கவில்லை

1

இந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் என் மகன் தினேஷ் படிக்கும் கல்லூரி பேஸ்பால் ஆடுகிறது. அவர்களுடைய மைதானத்திலேயே ஆடுகிறது. எதிராளிகள் வடக்கே இருந்து வருகிறார்கள்.

இதை எழுதச் சொன்னது எங்கள் மீனவக் குப்பத்து விளையாட்டு மன்றப் பிள்ளைகள். மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போய், இ.சி.ஆர் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் எங்கள் குப்பம். போன வாரம் தினேஷ் காலேஜ் ஆடியதை ஃபோனில் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. என் தம்பி முருகனைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அவன் எனக்கு ஃபோன் போட்டான்.

"இன்னா ஆட்டம் அண்ணாத்த இது? ஒருத்தன் பந்து போடுறான். ஒருத்தன் அடிக்காம வுடுறான். அம்பயர் கத்துறான். எல்லாம் உள்ள போய் குந்திக்கிறானுங்க. பேஜாரா கீது."

"எனக்கே மூணு வருசம் ஆச்சுடா புரிய."

"அப்ப எழுதி அனுப்பு. மன்றத்து போர்டுல ஒட்டிடறோம். யார் யார் ஆடுறான், யார் கெலிப்பான், எல்லாத்தையும் எழுது."

நான் எட்டாவதோடு நின்றவன். தெரிந்ததை எழுதுகிறேன். யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

சின்னப் பிள்ளைகளுக்கு எங்களைத் தெரியாது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

என் மனைவி தேவகி செங்கல்பட்டில் நர்ஸுக்குப் படித்தவள். அவளுக்குத்தான் இங்கே வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவளுக்குத்தான் விசா. நான் அவளோடு வந்தவன். வந்து பதினாறு வருடம் ஆகிறது. தினேஷுக்கு அப்போது ஐந்து வயது.

முதலில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். இப்போது எட்டு வருடமாக ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் பிரிவில் இருக்கிறேன். கடலில் பிடித்ததைவிட இங்கே வெட்டிய மீன் அதிகம். தலையோடு யாரும் வாங்க மாட்டார்கள். தலையை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வெளியே வைப்பேன். முதல் மாதம் மனசு கேட்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

தினேஷ் மீன் சாப்பிட மாட்டான். வாசனை பிடிக்காது. நான் வேலை விட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் அவன் பக்கத்தில் உட்காருவேன். அவன் அப்படிக் கேட்டதில்லை. நானாகச் செய்வது.

3

இப்போது ஆட்டம்.

பேஸ்பாலில் பந்து வீசுகிறவன்தான் எல்லாம். பிட்சர் என்பார்கள். கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டதும் அடுத்தவன் வருவான். இங்கே ஒருவனே போட்டுக்கொண்டிருப்பான். எண்பது, தொண்ணூறு பந்து வரை போடுவான். ஓடி வரக்கூடாது. ஒரு மேட்டில் நின்ற இடத்திலிருந்து வீச வேண்டும். முழங்கையை மடக்கலாம். அதனால் வேகம் வரும். கையும் கெடும்.

அடிக்காமல் விடுகிறானே என்று முருகன் கேட்டான். பந்து அகலமாகப் போனால் விடலாம். மைதானத்தில் ஓடித் தொட வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர், எல்லாவற்றையும் சுற்றி வந்தால் ஒரு ரன். நான்கு முறை அகலமாகப் போட்டால் அடிக்கிறவன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவான். நேராக வந்த பந்தை மூன்று முறை விட்டாலும் அவுட், வீசித் தவறவிட்டாலும் அவுட். மூன்று பேர் அவுட்டானால் இவர்கள் உள்ளே, அவர்கள் வெளியே. இரண்டு பக்கமும் ஒருமுறை ஆடினால் ஒரு இன்னிங்ஸ், மொத்தம் ஒன்பது. அவ்வளவுதான் ஆட்டம். மற்றதைப் பார்த்தால் புரியும்.

ஒருமுறை முழுதாக வீசிய கை ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். அதனால் மூன்று நாள் ஆட்டத்துக்கு மூன்று பிட்சர். வெள்ளிக்கிழமைக்காரன், சனிக்கிழமைக்காரன், ஞாயிற்றுக்கிழமைக்காரன். நடுவில் ஆட்டம் இறுக்கமானால் அவனை எடுத்துவிட்டு வேறு ஒருவனை இறக்குவார்கள். அந்த வேறு ஆட்கள் மைதானத்து ஓரத்தில் கம்பி வேலிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். தினேஷ் போன வாரம் மூன்று நாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். கூப்பிடவில்லை.

எதிராளிகளின் ஊரில் இன்னும் பனி கிடக்கிறது. கூரைக்கு அடியில்தான் பயிற்சி. அதனால்தான் பிப்ரவரியில் தெற்கே வருகிறார்கள். எல்லாம் தாட்டியான பையன்கள். போன வாரம் வேறு ஒரு ஊரில் ஆடினார்கள். முதல் நாள் தடுமாறினார்கள். மூன்றாம் நாள் அடித்து நொறுக்கினார்கள். வெயில் உடம்பில் ஏற ஏற அவர்களுக்கு அடி வருகிறது. அதனால் நம் பக்கத்துக்கு ஞாயிறுதான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை நம் பக்கம் ஒரு நெட்டைப் பையன் வீசுகிறான். நல்ல வேகம். நான்காம் வருடம் படிக்கிறான். சனிக்கிழமை இடக்கைக்காரன். வேகம் இல்லை, ஆனால் பந்து கடைசியில் கீழே இறங்கும். இந்த இரண்டு பெயரையும் கல்லூரிக்காரர்கள் இணையத்தில் போட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வரி இப்படி இருக்கிறது. ஞாயிறு: இன்னும் அறிவிக்கவில்லை.

போன ஞாயிறு வீசியவன் நன்றாக அடி வாங்கினான். அந்த இடம் காலி. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் இந்த வருடம் சேர்ந்த புதுப் பையன். இன்னொருவன் தினேஷ்.

4

தினேஷுக்கு முழங்கையில் ஆபரேஷன் ஆனது. முதல் வருடம் வீசும்போதே உள்ளே அறுந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து ஒரு நரம்பை எடுத்து முழங்கையில் துளை போட்டுக் கட்டினார்கள். நரம்பு என்று எழுதினால் தேவகி திட்டுவாள். "நரம்பு இல்ல, தசைநார்" என்பாள். எங்களுக்குத் தெரிந்தது, அறுந்த கயிற்றுக்கு வேறு கயிறு போட்டுப் பிணைத்தார்கள். ஒரு வருடம் முழுக்க அவன் வீசவில்லை.

மீனவன் பிள்ளை, வலை வீசுகிற ரத்தம், அதனால் கை வலுவு என்று முருகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதெல்லாம் இல்லை. தினேஷ் வலையைத் தொட்டதே இல்லை. அவனாகப் பழகினான். தெருவில் ஒரு சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு அதில் எறிந்துகொண்டே இருப்பான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைக் கழுவச் சொன்னார். நான் போய்க் கழுவினேன். இவன் மறுபடி போட்டான்.

கோச் அவனிடம் சொல்லிவிட்டார். முதல் நான்கு வாரம் பார்ப்பேன். அதற்குள் ஒரு இடம் பிடித்துக்கொள். இல்லையென்றால் அடுத்த வருடம் அணியில் உன்னை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம் போய்விட்டது.

5

மன்றப் பிள்ளைகள் பெயரைப் பற்றியும் கேட்டார்கள். தினேஷ் முதுகில் ஏன் அவன் பெயர் இல்லை, என் பெயர் இருக்கிறது என்று.

அது செங்கல்பட்டில் ஆரம்பித்தது. பாஸ்போர்ட் எடுக்க அங்கிருந்து சென்னைக்கு நான்கு முறை எலெக்ட்ரிக் ட்ரெயினில் அலைந்தோம். விண்ணப்பத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் பெயர், இன்னொன்றில் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் ஒரு எழுத்து. அதை விரித்து எழுதச் சொன்னார்கள். தினேஷுக்கு என் பெயரை எழுதினேன், ஏழுமலை. எனக்கு என் அப்பா பெயரை எழுதினேன், கன்னியப்பன். தேவகிக்கு அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் ஆகிவிட்டது.

இங்கே இறங்கியதும் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இவன் உன் மகன் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். தேவகி மொழிபெயர்த்தாள்.

"மூக்கைப் பாக்கச் சொல்லு" என்றேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள்.

அதனால் சட்டையின் முதுகில் ஏழுமலை என்று இங்கிலீஷில் இருக்கிறது. மைக்கில் சொல்கிறவர் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்வார். முருகனுக்கு இதில் ஒரே சிரிப்பு. "படிப்பு ஏறாத பேரு, காலேஜ்ல சேந்துடுச்சு பாரு" என்றான்.

6

புதன்கிழமை தினேஷ் ஃபோன் செய்தான். வாரத்துக்கு ஒருமுறை செய்வான். தேவகியிடம் இங்கிலீஷில் பேசுவான். என்னிடம் தமிழில் ஆரம்பிப்பான், பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விடுவான். எனக்கு ஓரளவு புரியும்.

"பா, சண்டே இன்னும் சொல்லல."

"ம்."

"ஃப்ரைடே, சாட்டர்டே பசங்க நல்லா போட்டா எனக்கு சான்ஸ். அவங்க சொதப்பிட்டா என்னை நடுவுல எறக்கிடுவாங்க. அப்புறம் சண்டே போட முடியாது."

"ம்."

"நீ வருவியா?"

"பாப்போம்."

பிறகு, "சரி. அம்மாகிட்ட குடு" என்றான்.

அவள் பேசி முடித்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்தவள். உடுப்புக்கூட மாற்றவில்லை.

"இன்னா மனுசன்யா நீ? புள்ள வாய வுட்டுக் கேக்குது. பாப்போம்ன்ற."

"வரமாட்டேன்னா சொன்னேன்?"

"வர்றேன்னு சொன்னியா?"

அவள் விடவில்லை.

"அவன காலேஜ்ல வுட்டுட்டு வந்த அன்னிக்கு ஞாபகம் கீதா? பொட்டிய எறக்கி வெச்சோம். அவன் உள்ள நடந்து போனான். மூணு வாட்டி திரும்பிப் பாத்தான். நான் கையாட்டிகினு நிக்கிறேன். நீ முதுகக் காட்டிகினு போய் வண்டில குந்திகின. சுத்தி அத்தினி அப்பனும் புள்ளயக் கட்டிப் புடிச்சு அழுவுறான்."

"அதுக்கு?"

"ஆபரேஷன் அன்னிக்கு? தள்ளுவண்டில வெச்சுத் தள்ளிகினு போறாங்க. நீ திரும்பி ஜன்னலப் பாத்துகினு நின்ன. அப்பாவுக்கு நான் இன்னா ஆனாலும் ஒண்ணுதான்னு புள்ள எங்கிட்ட சொன்னான். இதுவரிக்கும் உங்கிட்ட சொல்லல. இப்ப சொல்றேன்."

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

7

குப்பத்தில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரியும்.

கடல் தொழிலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. எப்போது வருவாய், என்ன கிடைக்கும் என்று பேசக்கூடாது. எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று உண்டு. போட்டைத் தள்ளி விட்டு, அது அலையைத் தாண்டினதும் கரையில் இருக்கிறவர்கள் திரும்பிவிட வேண்டும். நின்று பார்க்கக்கூடாது. அம்மா திரும்பி நடப்பாள். நாங்களும் பின்னாலேயே நடப்போம். அப்பா கடலில் இருக்கும்போது வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. வந்த பிறகுதான் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம்.

காரணம் யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

யாரை அதிகம் நினைக்கிறோமோ அவனுக்குத்தான் முதுகைக் காட்டுவோம். வெளியூர்க்காரன் போட்டில் ஏறிப் போனால் நின்று கையாட்டுவோம். எங்கள் வீட்டு ஆளுக்கு ஆட்ட மாட்டோம்.

இதை நான் தினேஷிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? தேவகியே செங்கல்பட்டுக்காரி. அவளுக்கே நான் இதை விளக்கியதில்லை. பதினாறு வருடமாக அவன் ஒவ்வொரு முறை வாசலைத் தாண்டும்போதும் நான் திரும்பிக்கொண்டேன். பள்ளிக்கூட வேன் வரும்போதும்கூட. அவன் என் முதுகைப் பார்த்துப் பார்த்து வளர்ந்திருக்கிறான்.

கோச் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோதும் இதே தப்பைச் செய்தேன். உங்கள் மகன் எங்கள் கல்லூரியில் பெரிய ஆளாக வருவான் என்றார். பார்க்கலாம் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். நல்ல காரியத்தை முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அப்படிச் சொன்னேன். அவர் தேவகியைத் தனியே கூப்பிட்டு, உன் கணவருக்கு இதில் இஷ்டமில்லையா என்று கேட்டாராம்.

யார் ஜெயிப்பார்கள் என்று எழுத மாட்டேன் என்றது இதனால்தான்.

8

வியாழக்கிழமை காலை மேனேஜர் அம்மாவிடம் போய் நின்றேன். கிறிஸ்தவர்களின் நோன்புக் காலம் ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிட மாட்டார்கள், மீன்தான். வரிசை வாசல் வரை நிற்கும். அதனால் வெள்ளிக்கிழமை லீவு கிடையாது என்று முன்னாலேயே எழுதி ஒட்டியிருந்தது. நான் ஞாயிறு கேட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். எட்டு வருடத்தில் நீ லீவு கேட்டு நான் பார்த்ததில்லை, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார். மகன் ஆடுகிறான் என்றேன். ஆடுவானா என்பது தெரியாது. இருந்தாலும் அப்படித்தான் வாயில் வந்தது. ஞாயிறு எடுத்துக்கொள், சனிக்கிழமை மாலை வரை நில் என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினேஷுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். எழுதினால் அவனுக்குத் தமிழ் படிக்க வராது. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். மூன்று முறை அழித்தேன். நான்காவது முறை அப்படியே அனுப்பினேன். கடல், போட்டு, அலை, அம்மா திரும்பி நடப்பது, எல்லாம் சொன்னேன். "அதாண்டா. வேற ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம வரேன். நீ போட்டாலும் சரி, குந்திகினு இருந்தாலும் சரி" என்று முடித்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது. அவனும் பேசித்தான் அனுப்பியிருந்தான்.

"பா. இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. நான் வேற என்னமோ நெனச்சிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஸ்கூல் வேனுக்குமா?" என்றான். சிரித்தானா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். சிரித்த மாதிரிதான் இருந்தது.

இதுவரை எழுதியதை முருகனுக்கு அனுப்பினேன். போர்டில் ஒட்டிவிட்டார்கள். கீழே வருவது அதற்குப் பிறகு எழுதியது. இதையும் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளுங்கள்.

9

வெள்ளிக்கிழமை நெட்டைப் பையன் நன்றாக வீசினான். ஏழு இன்னிங்ஸ். நம் பக்கம் ஜெயித்தது. நான் மீன் வெட்டிக்கொண்டே இருந்தேன். இடையில் கை கழுவும்போது மட்டும் ஃபோனைப் பார்த்தேன்.

சனிக்கிழமை இடக்கைக்காரன். ஆறாவது இன்னிங்ஸ் வரை நம் பக்கம் இரண்டு ரன் அதிகம். ஏழாவதில் அவனுக்குப் பந்து இறங்கவில்லை. அடி விழுந்தது. அகலமாகவும் போட்டான். மூன்று பேஸிலும் எதிராளி நிற்கிறான். ஒருவன்தான் அவுட். மேசையில் சாய்த்து வைத்திருந்த ஃபோனில், கேமராவைக் கம்பி வேலிப் பக்கம் திருப்பினார்கள். தினேஷ் எழுந்து சட்டைக்கு மேல் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றினான். கையைச் சுழற்றினான். பந்து வீசிப் பழக ஆரம்பித்தான்.

அவனைக் கூப்பிட்டால் ஞாயிறு போய்விடும். அந்தப் புதுப் பையன் வீசுவான். அவன் நன்றாக வீசிவிட்டால் அந்த இடம் அவனுக்கே.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எதிரில் ஒரு அம்மா இரண்டு பவுண்டு சால்மன் கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு நிமிடம் என்றேன். ஏதோ என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அவர் காத்து நின்றார்.

இதுவரை நான் தினேஷ் வீசினால்தான் பார்ப்பேன். அடுத்தவன் பிள்ளை நன்றாக வீச வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன். இடக்கைக்காரன் அடுத்த பந்தைப் போட்டான். எதிராளி தரையோடு அடித்தான். நம் பையன் ஒருவன் பொறுக்கி இரண்டாம் பேஸுக்கு எறிந்தான், அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிந்தார்கள். ஓடியவர்களுக்கு முன்னால் பந்து போய்ச் சேர்ந்தது, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. தினேஷ் ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

சால்மனை வெட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் கூடவே வெட்டிவிட்டேன்.

கடைசியில் அன்றைக்கு நம் பக்கம் தோற்றது. ஆளுக்கு ஒன்று. இணையத்தில் மூன்றாவது வரி அப்போதும் அப்படியேதான் இருந்தது.

10

ஞாயிறு காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். மூன்று மணி நேர ஓட்டம். தேவகிக்கு டூட்டி. போகும்போது, "சாப்பாடு கட்டி வெச்சிருக்கேன். அங்க போய் ஊமையாட்டம் நிக்காத" என்றாள்.

வழியில் முருகன் ஃபோன் வந்தது. அங்கே சாயங்காலம். பின்னால் ஒரே சத்தம்.

"அண்ணாத்த, மன்றத்துல பெரிய டீவி வெச்சிருக்கோம். கேளம்பாக்கத்துல வேல பாக்குறானே நம்ம பெருமாள் பையன், அவன் ஒயர் எல்லாம் குடுத்துட்டான். தினேஷ் போடுறானா?"

"தெரியலடா."

"தெரியலன்னா எப்டி? இங்க பந்தலு போடாததுதான் பாக்கி."

"அவன் போடலன்னா?"

"அந்தாண்ட குந்திகினு இருப்பான்ல? அதப் பாக்கிறோம். அவன் மூஞ்சப் பாத்து எத்தினி வருசம் ஆச்சு."

மைதானத்துக்குப் போகும்போது பத்து மணிகூட ஆகவில்லை. ஆட்டம் ஒரு மணிக்கு. புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். வடக்குப் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் படுத்திருந்தார்கள். பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவனும் இரண்டு ஆள் பருமன்.

என்னைப் போல முன்னாலேயே வந்தவர் இன்னும் ஒருவர் இருந்தார். நம் பக்கத்து கேட்சரின், விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் நின்று பந்து பிடிக்கிறவனின், அப்பா. லாரி ஓட்டுகிறவர். போன வருடம் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து காப்பி கொடுத்தார்.

நம் பையன்கள் வெளியே வந்தார்கள். சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக வந்தார்கள். தினேஷ் கடைசியில் தனியாக வந்தான். அவர்கள் ஒரு நீளப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். தினேஷ் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம் காலி. ஒருவனும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனவன்கூட அவனைச் சுற்றிக்கொண்டு போனான்.

என்ன தப்பு செய்தான், ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அந்த அப்பாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் சிரித்தார். ஒதுக்கவில்லை. இன்றைக்கு வீசப்போகிறவனிடம் யாரும் பேச மாட்டார்கள், அது இங்கே பழக்கம், எங்கள் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது என்றார். ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். யாருக்குத் தெரியும் என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. மைக்கில் சொல்வதற்கு முன்னால், இணையத்தில் போடுவதற்கு முன்னால். நான் காப்பியைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். அந்த மனுசன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தினேஷ் என்னைப் பார்த்துவிட்டான். எழுந்து வேலி ஓரத்துக்கு வந்தான். நானும் இறங்கிப் போனேன். நடுவில் கம்பி வலை.

"வந்துட்டியா."

"ம். அம்மாவுக்கு டூட்டி. ஃபோன்ல பாக்குது. ஊர்லயும் பாக்குறாங்க. டீவி வெச்சிருக்காங்களாம்."

"டீவியா? அய்யோ." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னைக்கு எங்கிட்ட யாரும் பேசக்கூடாதுபா."

"இப்பதான் சொன்னாரு. நான் போறேன்."

"நீ பேசலாம்" என்றான்.

பதினாறு வருடம் பேசாமல் விட்டதை ஒரு வேலி ஓரத்தில் நின்று எப்படிப் பேசுவது? அவன் காத்திருந்தான். கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா சொல்லிடணும். மறைக்கக்கூடாது."

"சொல்றேன்."

"நான் கடசி வரிக்கும் இங்கதான் நிப்பேன். திரும்ப மாட்டேன்."

"ஒன்பது இன்னிங்ஸும் நிக்காத பா, கால் வலிக்கும்" என்றான். சிரித்தான். அப்பொழுது அவன் பல்லைப் பார்த்தேன். பெரிய ஆளாகிவிட்டான். பெஞ்சுக்குத் திரும்பிப் போனான்.

ஒரு மணிக்கு மைக்கில் சொன்னார்கள். அன்றைக்கும் என் பெயரைத் தப்பாகத்தான் சொன்னார்கள். முதலில் வந்த வடக்குப் பையன் மட்டையை இரண்டு முறை சுற்றிவிட்டு நின்றான். தினேஷ் மேட்டில் ஏறி, காலால் மண்ணைக் கிளறி, மூச்சு விட்டான்.

முதல் பந்து. பந்தை நான் பார்க்கவில்லை. முழங்கையைத்தான் பார்த்தேன். பின்னால் போனது, மடங்கியது, நீண்டது. கேட்சர் கையில் சத்தம் கேட்டது. அம்பயர் கத்தினார். நல்ல பந்தா கெட்ட பந்தா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்சரின் அப்பா என் தோளைத் தட்டினார். அதிலிருந்து நல்ல பந்து என்று தெரிந்துகொண்டேன்.

தினேஷ் கையைத் தொங்கவிட்டு ஒருமுறை உதறினான். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தான். பிறகு அவன், வலி இல்லை என்பது போல என் பக்கம் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பந்தைக் கேட்டுக் கையுறையை நீட்டினான்.